மோட்டார் நின்ற பிறகு

பூனைக்குட்டிக்கு மோட்டார் என்று பெயர் வைத்தவர் சித்தப்பா. அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எதைக் கையில் எடுத்தாலும் அதற்குள் என்ன ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பாட்டில் ஆலையின் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கிடந்தது என்று சித்தி துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்த சாம்பல் நிறக் குட்டியை அவர் ஒரு கையால் தூக்கினார். விரல்கள் அதன் மார்பில் பட்டதும் புருவம் உயர்ந்தது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிப் பொருத்துகிறேன். மாலையில் விலங்கு மருத்துவ உதவியாளர் படிப்புக்கான வகுப்பு. எதையும் இரண்டு முறை அளப்பது கடையில் வந்த பழக்கமா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியவில்லை. இரண்டு முறை அளந்த பிறகும் எனக்குச் சந்தேகம் தீராது. மூச்சு விட்டால்கூட விட்டோமா என்று திரும்பிப் பார்க்கிறவள் என்று சித்தி என்னைப் பற்றிச் சொல்வார்.

சித்திக்குக் காது கேட்பது மிகவும் குறைவு. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நகரும் வரிசையில் பல வருஷம் நின்றதில் அது போய்விட்டது. காதில் மாட்டும் கருவி வாங்கியாயிற்று. அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. போட்டால் கரண்டி விழுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது, மனுஷர் பேச்சு மட்டும் பழையபடி முணுமுணுப்பாகவே இருக்கிறது என்பது அவருடைய குறை. முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசியதையும் சில சமயம் புரிந்துகொள்வார். அது எப்படி என்று சித்தப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆலையிலிருந்து வந்ததும் சித்தி நாற்காலியில் சாய்ந்து, மோட்டாரை மடியில் போட்டு, அதன் முன்னங்காலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அங்கேதான் அந்த அதிர்வு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருப்பார். இந்த வீட்டில் தனக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவது இது ஒன்றுதான் என்று ஒருநாள் சொன்னார். இத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்துவது எந்தக் கணக்கில் சேரும் என்று சித்தப்பா கேட்டார்.

"நீங்க கத்துறீங்க. இது பேசுது," என்றார் சித்தி.

சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. காதில் மருந்து விடும்போது பல்லைக் காட்டிச் சீறும், அப்போதும் உள்ளே குர்குர் என்று ஓடும். எங்களுக்கு அதில் ஒரே பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களின் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்துக் காட்டுவோம். குட்டி மெலிந்துதான் இருந்தது. பந்தின் பின்னால் ஓடினால் நடுவிலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தாயில்லாமல் கிடந்த குட்டி, தேறிவிடும் என்று நினைத்தோம்.

வகுப்பில் இதயத் துடிப்பைக் கேட்டுப் பழகும் பாடம் வந்தபோது, ஆரோக்கியமான, சாதுவான பிராணி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்றார்கள். நான் மோட்டாரைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். எங்கள் வகுப்பில் உயரமான ஒருவன் உண்டு. அவனை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அத்தையின் கிழட்டு நாயைக் கொண்டுவந்திருந்தான். வேறொருத்தி முயல் கொண்டுவந்திருந்தாள்.

நாயிடமும் முயலிடமும் எல்லோருக்கும் துடிப்பு கேட்டது. மோட்டாரிடம் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் இரைச்சல் மட்டுமே காதை அடைக்கிறது என்றார்கள். ஒட்டகம் கேட்டுவிட்டு, உன் பூனைக்குள் அரிசி ஆலை வைத்திருக்கிறாயா என்றான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பூனையைச் சோதிக்கும்போது இது வழக்கமான தொந்தரவுதான் என்றார் வகுப்பு எடுக்கும் டாக்டர். அவர் பகலில் விலங்கு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். குர்குர் என்று இருக்கும் பூனையின் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் நிறுத்திவிடும், அந்த இடைவெளியில் இதயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, மோட்டாரைக் கைகழுவும் தொட்டியின் அருகே பிடிக்கச் சொன்னார். குழாயைத் திறந்தார்.

மோட்டாரின் இரண்டு காதுகளும் தண்ணீர்ப் பக்கம் திரும்பின. உடம்பு விறைத்தது. என் கைக்குள் அதிர்வு மட்டும் அப்படியே இருந்தது.

தண்ணீருக்குப் பயப்படாத வீரப் பூனை என்றான் ஒட்டகம். டாக்டர் சிரிக்கவில்லை. குழாயை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு இரண்டு விரல்களை மோட்டாரின் இடது முன்னங்காலுக்கு உட்புறம், மேலே, வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையால் தொடையின் உள்பக்கம் நாடி பார்த்தார்.

"இது எப்ப நிறுத்தும்?" என்று என்னைக் கேட்டார்.

"நிறுத்தவே நிறுத்தாது டாக்டர்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த வாக்கியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். பூனை குர்குர் என்பது மூச்சோடு போய்வரும், இது எதோடு ஏறி இறங்குகிறது என்று பார் என்றார். நான் மோட்டாரின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இரைச்சல் அதைவிட வேகமாக, அலை அலையாக ஏறி இறங்கியது. ஏறும்போதும் இருந்தது, இறங்கும்போதும் இருந்தது. நடுவே ஓர் இடத்திலும் விட்டுப்போகவில்லை. மற்றவர்களும் குனிந்து மோட்டாரின் வயிற்றைப் பார்த்தார்கள். ஒட்டகம்கூட.

அன்றே டாக்டர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் படம் தெளிவாகவே வந்தது. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை கிடையாது. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய குழாய்க்கு ஒரு குட்டையான இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மோட்டாருக்கு மூடவில்லை. பெரிய குழாயின் அழுத்தத்தில் ரத்தம் அந்த வழியாக நுரையீரல் பக்கம் ஓயாமல் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பீறிடல்தான் விலாவரை வந்து அதிர்ந்தது. நுரையீரலில் ரத்தம் மிகுந்து, இதயத்தின் இடப்பக்கம் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் இதயம் களைத்துப்போகும். விலாவைத் திறந்து அந்த இணைப்பை நூலால் கட்டிவிட்டால், மற்றப் பூனைகளைப் போல வாழ வாய்ப்பு உண்டு. கட்டுவதற்காக நூலைக் கொண்டுபோகும்போது குழாயின் பின்சுவர் கிழிந்தால் மேசையிலேயே போய்விடும். இரண்டையும் டாக்டர் ஒரே குரலில்தான் சொன்னார்.

பேருந்தில் வரும்போது, சித்தியிடம் எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். நோய், அறுவை சிகிச்சை, அதிலுள்ள ஆபத்து. நான்காவதாக ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று இறங்கும்வரை முடிவு செய்ய முடியவில்லை. இதயத்தில் கோளாறு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். சித்திக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

சித்தி நாற்காலியில் இருந்தார். மோட்டாரைக் கூடையிலிருந்து எடுத்து, வழக்கம்போல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். மூன்றையும் அவர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பின்னால் நின்று, கையில் எடுத்த தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான்காவதையும் சொன்னேன்.

"சித்தி, இப்ப உங்க கையில தெரியுதே, அதுதான் அந்த நோய்."

சித்தி கையை எடுக்கவில்லை. என் உதட்டையே பார்த்தார், நான் தவறாக அசைத்துவிட்டேனோ என்பதுபோல.

"அப்ப இது சந்தோஷத்துல பண்ணலியா?"

"இல்ல சித்தி."

"ஆபரேஷன் பண்ணா நின்னுடுமா?"

"நின்னாத்தான் சரியா கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

சித்தப்பா எதையோ சொல்லித் தேற்றப் பார்த்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிவிட்டால் அவரிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. அன்று வெகுநேரம் மோட்டார் அவர் மடியிலேயே இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, சொல்லாமல் இருந்திருந்தால் குழாயைக் கட்டிய பிறகு அவர் கையை வைத்துப் பார்க்கும்போது என்ன சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தேன். இரண்டு பக்கமும் சரியாகவே பட்டது.

காலையில் ஆலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சித்தி என்னைக் கூப்பிட்டார்.

"என்னிக்கு வெச்சுக்கலாம்னு கேட்டுட்டு வா. என் கைக்கு நல்லா இருக்குன்னு அதோட உசுரை வெச்சு விளையாட முடியுமாடி?"

முதலில் நுரையீரலில் தேங்கிய நீர் வடிவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அதை மோட்டாருக்குக் கொடுப்பது சித்தியின் பொறுப்பு. தொண்டையில் போட்டு, வாயை மூடி, மூக்கில் ஊதி, விழுங்கிவிட்டது என்று வெற்றியோடு திரும்புவார். சற்று நேரத்தில் மாத்திரை சித்தப்பாவின் செருப்பில் கிடக்கும். இந்தப் பூனைக்கு நாக்குக்கு அடியில் இழுப்பறை இருக்கிறது என்றார் சித்தப்பா. கடைசியில் மாத்திரையைப் பொடித்து மீனில் பிசைந்து கொடுத்தோம்.

அறுவை சிகிச்சையை நான் அருகில் இருந்து பார்க்கலாம் என்று வகுப்பு டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். சொந்தப் பூனை என்பதால் வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் கொடுத்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் யோசிக்க விடவில்லை, வருவதாகவே என் பெயரைக் கொடுத்துவிட்டார். அறுவை மருத்துவர் குள்ளமானவர். மேசை உயரம் போதவில்லை என்று காலடியில் ஒரு மரப்பலகை போட்டு ஏறி நின்றார். மயக்கம் வரக்கூடியவர்கள் சுவரோரம் நிற்கலாம், நடுவில் விழுந்தால் தூக்க ஆளில்லை என்றார். நான் முதலில் சுவரோரம்தான் நின்றேன். பிறகு என்னை மேசைக்கு அருகே கூப்பிட்டு ஒரு வேலையும் கொடுத்தார்கள். மோட்டாரின் உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை இறக்கி, அதன் மறுமுனையை என் காதில் மாட்டிவிட்டார்கள். நூலை இறுக்கும்போது இரைச்சல் நிற்கிறதா என்று நான் சொல்ல வேண்டும்.

பச்சைத் துணிகளுக்கு நடுவே மழித்த விலா ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, சிறிய கவ்வியால் விலக்கி, நுரையீரலின் ஓரத்தை ஈரத் துணியால் ஒதுக்கினார். உள்ளே பெரிய திராட்சை அளவில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அந்த இணைப்புக் குழாய். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். இத்தனை நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் தொட்டுத் தொட்டு மகிழ்ந்தது அதைத்தான் என்று பார்த்தபோது எனக்குப் பயமாக இல்லை. இவ்வளவு சிறியதா என்றுதான் இருந்தது.

குழாயின் மேல் ஓடிய நரம்பை ஒதுக்கிவிட்டு, வளைந்த இடுக்கியை அதன் பின்னால் செலுத்தத் தொடங்கியதும் மருத்துவர் பேச்சை நிறுத்தினார். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. இடுக்கியின் முனையைக் கொஞ்சம் திறப்பார், மூடுவார், காத்திருப்பார். உதவிக்கு நின்ற பெண் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பட்டு நூலைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டு நூல்கள்.

சட்டென்று இறுக்கினால் இதயம் திணறும் என்று மெதுவாகத்தான் இறுக்கினார். என் காதில் மதகைத் திறந்துவிட்டது போல் இருந்த இரைச்சல் மெலிந்தது. குக்கரில் ஆவி கசிவது போல் ஆயிற்று. பிறகு யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. பிறகு அதுவும் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று கேட்டது. டக் டக், டக் டக். மோட்டாரின் இதயத்தை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, இருக்கா?" என்றார் மருத்துவர், தலையைத் தூக்காமல்.

இன்னொரு முறை கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். "நின்னுடுச்சுன்னு நினைக்கிறேன் டாக்டர்."

"நினைக்கிறதெல்லாம் அப்புறம் நினைச்சுக்கலாம். இருக்கா, இல்லியா?"

"இல்ல டாக்டர்."

அவர் முடிச்சைப் போட்டார்.

மார்புக்குள் தங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்ற விலாவில் வைத்திருந்த குழாயை மறுநாள் எடுத்தார்கள். வலிக்கு மருந்து கொடுத்து, கழுத்தில் அகலப் பட்டை மாட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். தாவக் கூடாது, ஏறக் கூடாது, ஓடக் கூடாது. பூனையிடம் போய் இதைச் சொல்ல முடியாது என்பதால் கூண்டு. பழைய லிஃப்ட்டின் கம்பிக் கதவை வெட்டிச் சித்தப்பா தாழ்வாக ஒரு கூண்டு செய்திருந்தார். கழுத்துப் பட்டையோடு மோட்டார் சாப்பாட்டுக் கிண்ணத்தில் மோதிக்கொண்டே இருந்ததால், டாக்டரைக் கேட்டு அதைக் கழற்றிவிட்டு, என்னுடைய காலுறை ஒன்றில் நான்கு ஓட்டை வெட்டிச் சட்டையாக மாட்டினோம். தையலை நக்க முடியவில்லை. கோடு போட்ட காலுறை. கைதிச் சட்டை மாதிரி இருக்கிறது என்றார் சித்தப்பா. கூண்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

தூங்கும்போது அதன் மூச்சை எண்ணுவது என் வேலை. வேகம் கூடினால் உடனே தொலைபேசி செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் சித்தி பார்த்துக்கொண்டார். மருந்து நேரம் தவறாது. தையலைச் சுற்றி வீக்கம் இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார். தூக்கும்போது அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதால், ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்னங்காலுக்கு அடியில், தட்டில் ஏந்துவது போலத்தான் தூக்குவார். அதில் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விரிப்புத் துணி மாற்றியதும் மோட்டாரைக் கூண்டில் இறக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். ஆலையிலிருந்து வந்தால் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பார். கை மடியில் சும்மா கிடக்கும்.

தையல் பிரித்த பிறகு, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே எடுத்து வைத்துப் பார்த்தேன். சித்தி அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"காலிப் பாட்டில் மாதிரி இருக்குடி."

நல்ல மோட்டார் ஓடுவது வெளியே தெரியாது, சத்தம் போடுகிற மோட்டாருக்குத்தான் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். அப்படியானால் உங்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்று சித்தி கேட்டார். கேலி செய்தாரே தவிர முகத்தில் சிரிப்பில்லை. மோட்டாரும் முன்போல் இல்லை. கூண்டின் பின்மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குத்தி, மழித்து, அடைத்து வைத்தவர்களிடம் அது கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. சித்திக்கோ அது வேறு மாதிரிப் பட்டது. முன்பு இருந்தது நோய் என்றால், இந்த வீட்டில் அது ஒருநாளும் சந்தோஷமாகவே இல்லையோ என்று ஒரு முறை கேட்டார்.

தையல் பிரித்த அன்று அறுவை மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நல்லபடியாகவே இருக்கிறது, சில வாரங்கள் கழித்து ஸ்கேன் எடுத்து உறுதி செய்வோம். அபூர்வமாகக் கட்டிய இடத்தில் மறுபடி கசிவு ஏற்படுவதுண்டு. விலாவில் பழைய அதிர்வு தெரிந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள். நான் இதைச் சித்தியிடம் வார்த்தை பிசகாமல் சொல்லிவைத்தேன். தினமும் மாலையில் நானும் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உண்மையிலேயே இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று மறுபடி வைத்துப் பார்ப்பேன்.

கூண்டிலிருந்து விடலாம் என்று சொன்ன பிறகு வந்த விடுமுறை நாள். மதியம் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். சித்தி முன்னறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். காது கேளாததால் அவர் எப்போதும் உரக்கத்தான் கூப்பிடுவார். அன்று மெதுவாகக் கூப்பிட்டார். அதனாலேயே நான் தேய்ப்புப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன்.

மோட்டார் சித்தியின் மடியில் இருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை, தானாகவே ஏறியிருக்கிறது. சித்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சுடி," என்றார்.

என் கையை இழுத்து அதன் விலாவில் வைத்தார். இருந்தது. முன்பு இருந்த அதே இடத்தில், உள்ளே ஓடியது. வகுப்புப் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மாட்டினேன். இரைச்சல். மூச்சோடு வருகிறதா, துடிப்போடு வருகிறதா என்று பிரிக்கப் பார்த்தேன். என் காதுக்குள் என் துடிப்பே இடித்துக்கொண்டிருந்தது. நூல் தளர்ந்திருக்கும். மேசைக்குப் பக்கத்தில் நின்று இல்லை என்று சொன்னது நான்தான். சித்தப்பா அறையிலிருந்து வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

"எனக்குத் தெரியல சித்தி," என்றேன்.

"போன தடவை எப்படித் தெரிஞ்சுது?"

"குழாயைத் திறந்து பார்த்தாங்க."

"அப்ப போய்த் திற."

சமையலறைக் குழாய் முன்னறை நாற்காலியிலிருந்து கொஞ்ச தூரம்தான். கதவு திறந்திருந்தது. நான் எப்போது குழாயைத் திறக்கிறேன் என்று சித்திக்குத் தெரியாதபடி அவர் முதுகு என் பக்கம் இருந்தது. தண்ணீர்ச் சத்தமும் கேட்காது. மோட்டாரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முகம் மட்டும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. நான் அவரிடம் சொல்லாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்தேன். தண்ணீர் தொட்டியின் தகரத்தில் விழுந்து படபடத்தது. மோட்டாரின் இரண்டு காதுகளும் சமையலறைப் பக்கம் திரும்பின.

சித்தியின் முகம் மாறியது.

"நின்னுடுச்சு," என்றார்.

நான் குழாயை மூடினேன். தண்ணீரால் நின்றதா, தற்செயலாக நின்றதா? முன்னறையில் யாரும் அசையவில்லை. சித்தப்பாவின் கையில் சாவிக்கொத்து ஒரு முறை குலுங்கியது, அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தேய்ப்புப் பெட்டியின் சூடான துணி வாசனை வந்துகொண்டிருந்தது.

"மறுபடி வருது," என்றார் சித்தி.

திறந்தேன்.

"நின்னுடுச்சு. ஏண்டி, நீயா பண்றே?"

அவர் திரும்பிப் பார்த்தார். என் கை குழாயில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நோய்க்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்காது. மூன்றாவது முறையும் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். சித்தப்பா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, லிஃப்ட்டில்கூட இரண்டு முறைக்கு மேல் நான் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதில்லை என்றார். மோட்டாருக்கும் அலுத்துவிட்டது. மடியிலிருந்து இறங்கி, கால்களை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு, கதவுப் பக்கம் போனது. சித்தி அதைக் கூப்பிடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் முக்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அப்ப முன்னாடியும் இது இருந்திருக்குமா?" என்று கேட்டார். "அதுக்கு அடியில?"

இருந்திருக்கலாம் என்றேன். பெரிய சத்தத்துக்குள் சிறிய சத்தம் இருந்தால் நமக்குத் தெரியாது என்றேன். சித்தி பாட்டில் வரிசையில் நின்றவர். அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேனில் கசிவு இல்லை. இதயத்தின் வீக்கம் குறைந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். வகுப்பில் இப்போது ஒட்டகம் தொடங்கி எல்லோரும் மோட்டாரின் துடிப்பைக் கேட்டுவிட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன்.

இப்போது மோட்டார் எப்போதும் ஓடுவதில்லை. சில நாள் சித்தியின் மடியில் வெகுநேரம் படுத்திருந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் எழுந்து போய்விடும். சித்தி காத்திருப்பார். வந்தால் கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டுவார். அப்போது சமையலறைக் குழாயை யாரும் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாலையில் பாத்திரம் கழுவும் முறை சித்தப்பாவுடையது என்பதால், அவர் இந்தச் சட்டத்தை மனசாரக் கடைப்பிடிக்கிறார்.